விருந்தோடு நின்ற உதவி

எங்கள் அண்ணனின் முதலாண்டுத் திதிக்கு வந்து, இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கையின் வணக்கம். மலர்க் குழுவினர் என்னிடம் கேட்டது இரண்டு பக்கம். "உங்க அண்ணனுக்கு நீங்க எவ்ளோ செஞ்சீங்கன்னு டல்லாஸ்ல எல்லாருக்கும் தெரியும் ஆன்ட்டி. அதையே எழுதுங்க, போதும்" என்றார் போனில் பேசிய இளைஞர். நான் செய்தது எல்லோருக்கும் தெரியும். செய்யாதது, என் கணவரைத் தவிர, அண்ணிக்கு மட்டும்தான் தெரியும். அண்ணியிடம் படித்துக் காட்டி, அவர் சரி என்ற பிறகுதான் இதை அச்சுக்குக் கொடுத்தேன். இரண்டு பக்கத்தில் அடங்கவில்லை, பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணன் பிறந்தது பவானியில். அப்பா ஆற்றுக்கு அந்தப் பக்கம் குமாரபாளையத்தில் ஒரு நூற்பாலையில் ஃபிட்டர். அதைவிட முக்கியமாக, தொழிற்சங்கத்தில் செயலாளர். பிள்ளைகள் மூவர். மூத்தவர் அண்ணன், நடுவில் நான், கடைசியில் இப்போது கலிபோர்னியாவில் ஃப்ரீமாண்ட்டில் இருக்கும் தம்பி. எங்கள் வீட்டில் அரிசி தீர்ந்துபோகும், அரசியல் தீராது. ஆலை மூடிக் கிடந்த ஒரு வருடம் எங்களைக் கரையேற்றியது அண்ணன்தான். பள்ளி விட்டதும் தறிப்பட்டறைக்குப் போய் நூல் சுற்றிக் கொடுப்பார், விடிகாலையில் எழுந்து படிப்பார். அந்த வருடம் நான் ஐந்தாம் வகுப்பு. எனக்குப் பரீட்சை அட்டை வாங்கித் தந்தது அவர் கூலியில்தான்.

சோசலிச நாடுகளில் பொறியியல் படிக்க உதவித்தொகை உண்டு என்று சங்கத்துத் தோழர் ஒருவர் விண்ணப்பம் கொண்டுவந்தார். மாஸ்கோ கிடைக்கும் என்று அப்பா ஊரெல்லாம் சொல்லிவைத்தார். கிடைத்தது புடாபெஸ்ட். ஹங்கேரி எங்கே இருக்கிறது என்று அண்ணன் அட்லஸைப் பிரித்துக் காட்ட, "சுத்தியும் நிலமா, கடலே இல்லியா, பாவம்" என்றார் அம்மா. அந்த நாட்டைப் பற்றி எங்கள் குடும்பத்தில் முதலில் பேசப்பட்டது அதுதான்.

முதல் வருடம் முழுக்க மொழிப் பாடம். இங்கேயும் நம் இனிஷியல் மாதிரி குடும்பப் பேர் முன்னால், சொந்தப் பேர் பின்னால் என்று சந்தோஷமாகக் கடிதம் எழுதினார். அடுத்த கடிதம் அவ்வளவு சந்தோஷமாக இல்லை. விடுதி வாசலில் உட்கார்ந்திருக்கும் காவலாளியிடம், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தாறில் இங்கே என்ன நடந்தது என்று புது மொழியில் வெகுளியாகக் கேட்டிருக்கிறார். அந்த மனிதர் எழுந்துபோய் ஜன்னலைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்து, "ஒன்றும் நடக்கவில்லை" என்றாராம். ஒன்றும் நடக்காததற்கு எதற்கு ஜன்னலைச் சாத்த வேண்டும் என்று அண்ணன் யோசித்தார். அன்றிலிருந்து பொறியியல் பிழைப்புக்கும், அந்த நாட்டின் வரலாறு அவருக்கும் என்று ஆகிப்போனது.

அவர் படிப்பை முடித்த வருடம் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தொன்பது. சோவியத் பிடியை எதிர்த்து எழுந்த ஐம்பத்தாறுப் புரட்சியின் பிரதமரைத் தூக்கிலிட்டு, அடையாளமில்லாத ஒரு குழியில் முகம் குப்புறப் புதைத்திருந்தார்கள். முப்பது வருடம் கழித்து அவரையும் கூட இருந்தவர்களையும் தோண்டி எடுத்து, மரியாதையோடு மறுபடி அடக்கம் செய்தார்கள். சதுக்கத்தில் ஆறு பெட்டிகள். ஆறாவது காலி, பெயர் தெரியாமல் செத்தவர்களுக்காக. பவானிக்காரர் ஒருவர் அந்தக் கூட்டத்தில் நாள் முழுக்க நின்றார். அதை அப்படியே அப்பாவுக்கு எழுதினார். கடிதத்தைப் பாதி உரக்கப் படித்த அப்பா, மீதியை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "சோறு போட்டுப் படிக்க வெச்சவனையே குத்தம் சொல்றான்" என்று ஒரு வருடம் அவருக்குப் பதில் எழுதவில்லை. பிறகு சமாதானம் ஆனார்கள். இரண்டு பேருக்கும் வயிற்றெரிச்சல் ஒன்றேதான், பிடித்த கொடிதான் வேறு.

தொண்ணூறுகளில் அண்ணன் டல்லாஸை ஒட்டிய ரிச்சர்ட்சனுக்கு வந்தார், டெலிகாம் வேலை. பிறகு அண்ணி வந்தார், மகன் பிறந்தான். அந்தத் தொழிலே படுத்தபோது வேலை போய், எட்டு மாதம் வீட்டில் இருந்து, பிளானோவில் வேறு வேலை தேடிக்கொண்டார். அந்த எட்டு மாதத்தில்தான் நானும் என் கணவரும் கைக்குழந்தையோடு பக்கத்து ஊரான காப்பெல் வந்து இறங்கினோம். வேலை இல்லாத மனிதர், எங்களுக்கு அபார்ட்மென்ட் பார்த்து, கார் பார்த்து, எனக்கு டோல்வே நெடுஞ்சாலையில் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். நான் அழுதுகொண்டே ஸ்டியரிங்கைப் பிடித்திருப்பேன். பக்கத்தில் உட்கார்ந்து ஹங்கேரியின் மொஹாச் போரைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வருவார்.

"ராஜாவுக்கு இருவது வயசு அம்மிணி. துருக்கிக்காரன் வர்றான்னு ஐரோப்பா பூராவும் லெட்டர் போட்டான். எல்லாரும் பதில் போட்டாங்க, ரொம்ப வருத்தமா இருக்குது, கடவுள் காப்பாத்துவாருன்னு. ஆளு யாரும் வரல. ரெண்டு மணி நேரத்துல சண்டை முடிஞ்சுது. ஓடும்போது ஒரு ஓடையில விழுந்து செத்துப்போனான். மிரர் பாரு, மிரர் பாரு, லேன் மாத்து."

டெக்சாஸ் தமிழ்க் குடும்பங்களில் அண்ணனைத் தெரியாதவர்கள் குறைவு. ஆளுக்கொன்று சமைத்துக் கொண்டுவரும் சனிக்கிழமை பாட்லக்கில் சாப்பாடு முடிந்து நாற்காலியை இழுத்துப் போட்டதும் யாராவது வேண்டுமென்றே கிளறிவிடுவார்கள்: "என்னங்கண்ணா, இந்த வாரம் ஹங்கேரில என்ன விசேஷம்?" கேலி என்று அவருக்குத் தெரியும். தெரிந்தேதான் ஆரம்பிப்பார். ஆஸ்திரியாவோடு அவர்கள் செய்துகொண்ட ஒப்பந்தத்தைக் கூட்டுக்குடும்பமாக ஆக்கிவிடுவார். "சண்டை போட்டு, அடி வாங்கி, பதினெட்டு வருசம் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு அப்புறம் ராஜி ஆனாங்க. ஒரே வீடு, ரெண்டு சமையக்கட்டு. ஒரே ஆளு, வியன்னாவுல சக்கரவர்த்தி, புடாபெஸ்ட்ல ராஜா." முதல் உலகப் போருக்குப் பிறகு நாட்டில் மூன்றில் இரண்டு பங்கு கைவிட்டுப் போனது அவர் வாயில் பாகப்பிரிவினை ஆகிவிடும். குழந்தைகள் அவரை ஹங்கேரி அங்கிள் என்றே கூப்பிட்டார்கள்.

ஆனால் வெறும் ரசிகர் இல்லை அவர். அந்த மக்களுக்காக வக்காலத்து வாங்கிப் பேசினால் அவருக்கே கோபம் வரும். ஒருமுறை என் கணவர், "பாவம், கேட்டப்போ எல்லாம் ஒருத்தரும் உதவலியே" என்றார். அண்ணன் முகம் மாறிவிட்டது. "மாப்ள, ரெண்டாவது உலகப் போர்ல அவங்க கூடவே நூத்துக்கணக்கான வருசமா வாழ்ந்த யூத ஜனங்க உதவின்னு கேட்டாங்க. இவங்களே ரயில்ல ஏத்தி அனுப்பினாங்க. வெளியாளு வரலைங்கறது இருக்கட்டும். சொந்த வீட்டு ஆளு கேட்டப்போ இவங்க எங்க போனாங்க?" நான் பாயசக் கிண்ணங்களை எடுக்க உள்ளே போய்விட்டேன்.

அப்பாவுக்கு இருந்த சர்க்கரை அண்ணனுக்கும் வந்தது. ஐம்பத்தேழு வயதில் சிறுநீரகம் இரண்டும் கைவிட்டன. திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ், ஒவ்வொரு தடவையும் நான்கு மணி நேரம். அவர் ரத்த வகை ஓ. மாற்றுச் சிறுநீரகத்துக்கான பட்டியலில் அந்த வகைக்குத்தான் காத்திருப்பு அதிகம், வீட்டில் யாராவது கொடுத்தால் சீக்கிரம் முடியும் என்றார் டாக்டர். அந்த அறையில் அண்ணன், அண்ணி, நான் மூவரும் இருந்தோம். அண்ணன் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் பக்கம் திரும்பவில்லை. திரும்பினால் அது கேட்டதாக ஆகிவிடும் என்றுதான் திரும்பவில்லை.

அண்ணிக்கு ரத்த அழுத்தமும் சர்க்கரையும் உண்டு. கொடுக்கிறேன் என்று போன் செய்த அன்றே முடியாது என்று சொல்லிவிட்டார்கள். தம்பிக்கும் சர்க்கரை. கல்லூரியில் படிக்கும் மகன், "டேக் மைன், அப்பா. ஐ மீன் இட்" என்று நேராகவே சொன்னான். "உங்கிட்ட இருந்து எடுத்துக்கிட்டு நான் எதுக்குடா உசுரோட இருக்கணும்? அந்தப் பேச்சே இந்த வீட்டுல கூடாது" என்று அண்ணன் கத்திவிட்டார். அவர் அப்படிக் கத்தி நாங்கள் பார்த்ததே இல்லை. மிச்சம் இருந்தது நான். வயது ஐம்பத்திரண்டு, ரத்த வகை ஓ, தலைவலிக்குக்கூட மாத்திரை போடாத உடம்பு.

நான் என்ன செய்தேன் தெரியுமா? மீல் ட்ரெயின் ஆரம்பித்தேன். இந்த ஊரில் யாருக்கு உடம்புக்கு முடியாவிட்டாலும் நாம் செய்வதுதான்: இணையத்தில் ஒரு பட்டியல் போட்டு, எந்த நாள் யார் வீட்டுச் சாப்பாடு என்று பிரித்துக்கொள்வது. டயாலிசிஸ் நாட்களில் அண்ணி சமைக்கக் கூடாது என்று நான்தான் சட்டம் போட்டேன். பிளானோ, காப்பெல், ரிச்சர்ட்சன் என்று நாற்பது குடும்பங்கள் சேர்ந்தார்கள். தக்காளி கூடாது, வாழைப்பழம் கூடாது, இளநீர் கூடவே கூடாது, உருளைக்கிழங்கை வெட்டித் தண்ணீரில் ஊறவைத்து வடித்துத்தான் சமைக்க வேண்டும். இதையெல்லாம் எழுதி எல்லோருக்கும் அனுப்பினேன். தக்காளி இல்லாத ரசத்துக்கு எத்தனை வகை உண்டு என்று என்னைக் கேட்டால் இன்றைக்கும் சொல்வேன். இரண்டு வருடம் ஒரு நாள்கூடப் பட்டியலில் காலி இடம் விழவில்லை. இதற்காகத்தான் என்னை எல்லோரும் மெச்சினீர்கள்.

அண்ணன் என்னிடம் கேட்கவே இல்லை. அதற்குப் பதிலாக வரலாறு சொன்னார். முன்பெல்லாம் சொன்னதுபோல ராஜா, சண்டை, கேலி என்று இல்லை. ஒரு புதன்கிழமை சாயங்காலம் டயாலிசிஸ் முடிந்து வந்தவருக்கு நான் சாப்பாடு போட்டேன். அண்ணி மருந்துக் கடைக்குப் போயிருந்தார். நானும் அவரும்தான்.

"ஆயிரத்து எண்ணூத்தி நாப்பத்தி ஒம்போதுல, ஆஸ்திரியாவ எதுத்து அவங்க பண்ணுன புரட்சி தோத்துப்போச்சல்ல, அதுக்கு அப்புறம் அவங்க தலைவர் அமெரிக்காவுக்கு வந்தாரு அம்மிணி. உதவி கேட்டு."

"இங்கியாண்ணா?"

"இங்கதான். நியூயார்க்ல பீரங்கி வெடிச்சு வரவேற்பு. போற ஊரெல்லாம் விருந்து. பார்லிமென்ட்லயே கூப்ட்டுப் பேச வெச்சாங்க. ஜெயில்ல இருந்தப்போ இங்கிலீஷ் கத்துக்கிட்டவரு, அந்த இங்கிலீஷக் கேட்டு எல்லாரும் அழுதாங்க. அவர் போட்டிருந்த மாதிரி தொப்பிய நாடே வாங்கிப் போட்டுச்சு. ஏழெட்டு மாசம் விருந்து, விருந்து, விருந்து."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. கப்பல் ஏறிப் போயிட்டாரு. ஒரு சிப்பாய் வரல." தட்டில் சாதத்தைக் கொஞ்ச நேரம் பிசைந்தார். "அவங்க மேல தப்புச் சொல்ல முடியாது. அவங்கவங்களுக்கு வீடு, வாசல், புள்ளகுட்டி இருக்குதல்ல. பிரியமில்லாமயா விருந்து வெச்சாங்க? பிரியம் நிஜம்தான்."

எனக்குப் புரியவில்லை என்று நினைக்காதீர்கள். இந்த வரியை எழுதத்தான் இந்தக் கட்டுரை. எனக்கு அந்த இடத்திலேயே புரிந்தது. என் அண்ணன், வாழ்க்கையில் யாரிடமும் எதுவும் கேட்காதவர், கேட்கத் தெரியாதவர், தன்னால் முடிந்த அளவுக்கு என்னிடம் கேட்டுவிட்டார். நான் கரண்டியை எடுத்து, "இன்னுங் கொஞ்சம் ரசம் ஊத்தட்டுமாண்ணா?" என்றேன். "ஊத்து அம்மிணி" என்றார்.

காப்பெலுக்கு எப்படி ஓட்டிக்கொண்டு வந்தேன் என்று தெரியாது. அடுத்த வாரம், யாரிடமும் சொல்லாமல், என் கணவரிடம் மட்டும் சொல்லிவிட்டு, மாற்றுச் சிகிச்சை மையத்துக்குப் போன் செய்தேன். கணவர், "உன் இஷ்டம், நான் குறுக்க நிக்க மாட்டேன். நல்லா யோசிச்சுப் பண்ணு" என்றார். அதை வைத்து அவர் தலையில் பழியைப் போட நான் பல தடவை முயன்றிருக்கிறேன். அது பொய். அவர் தடுக்கவில்லை. ரத்தம், ஸ்கேன், இதயம், மனநிலை என்று இரண்டரை மாதம் சோதித்தார்கள். அங்கிருந்த பெண்மணி ஒவ்வொரு தடவையும் சொல்வார்: எப்போது வேண்டுமானாலும் வேண்டாம் என்று சொல்லலாம், காரணத்தை உங்கள் அண்ணனிடம் சொல்ல மாட்டோம், பொருந்தவில்லை என்று மட்டும்தான் சொல்வோம். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். எனக்குப் பின்வாசல் எங்கே இருக்கிறது என்று காட்டிவிட்டார்.

பிறகு மின்னஞ்சலில் கடிதம் வந்தது. பொருந்துகிறது, கொடுக்கலாம், தேதி குறிக்கலாம். என் மடியில் லேப்டாப்பில் அது இருந்தது. மூடி வைத்தேன்.

மகளின் பட்டமளிப்பு முடியட்டும் என்றேன். முடிந்தது. மாமியாருக்குக் கண் ஆபரேஷன், ஊருக்குப் போய் வந்துவிடலாம் என்றேன். போய் வந்தேன். ஆபீஸில் புது சாஃப்ட்வேர் ரிலீஸ், அது முடியட்டும் என்றேன். இவை எதுவும் காரணம் இல்லை. எனக்குப் பயம். கத்தி என்றால் பயம், மயக்க மருந்து என்றால் பயம், எழுந்திருக்காமல் போய்விட்டால் என்கிற பயம். கார் கதவை மூடிக்கொண்டு உட்கார்ந்து என்னை நானே திட்டிக்கொள்வேன், வெளியே வந்து அன்றைக்கு யார் சாப்பாடு என்று பட்டியலைப் பார்ப்பேன். அறுபத்தெட்டு நாட்கள் அப்படிப் போயின. எண்ணித்தான் வைத்திருக்கிறேன்.

அந்த நாட்களில் அண்ணன் வரலாறு சொல்வதை நிறுத்திவிட்டார். முகம் தெளிந்திருந்தது. நடைக்குப் புது ஷூ வாங்கினார். டயாலிசிஸ் நாற்காலியில் படுத்தபடியே புடாபெஸ்டுக்கு விமான டிக்கெட் பார்ப்பார். "அடுத்த வருசம் எல்லாரும் போலாம். அந்த விடுதிய உங்களுக்குக் காட்டணும்" என்றார். உடம்பு கொஞ்சம் தேறிவிட்டது, டயாலிசிஸ் பழகிவிட்டது என்று நாங்கள் பேசிக்கொண்டோம். எனக்கு அது வசதியாக இருந்தது. அவசரம் இல்லை போலிருக்கிறது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

ஒரு திங்கட்கிழமை காலை டயாலிசிஸுக்குக் கிளம்பிக் கதவருகே ஷூ போடக் குனிந்தவர் எழவில்லை. ஆம்புலன்ஸ் ஒன்பது நிமிடத்தில் வந்தது. இதயம் நின்றுவிட்டது என்றார்கள். அறுபதாம் கல்யாணத்துக்கு ஒரு வருடம் இருந்தது.

ஃப்யூனரல் ஹோமில் நிற்க இடமில்லை. மைக்கைப் பிடித்த பெரியவர் ஒருவர், "தங்கச்சின்னா இப்படி இருக்கணும்ங்க. ரெண்டு வருசம் அண்ணனுக்கு ஒரு வேளை பசி தெரியாமப் பாத்துக்கிட்டாங்க" என்று என்னைக் காட்டினார். எல்லோரும் என்னைப் பார்த்தீர்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்திருப்பீர்கள்.

அன்று ரிச்சர்ட்சனிலிருந்து ஹங்கேரியப் பெரியவர் ஒருவரும் வந்திருந்தார். ஐம்பத்தாறில் பத்து வயதுப் பிள்ளையாகத் தாயின் கையைப் பிடித்து ஆஸ்திரிய எல்லையை நடந்து கடந்தவர். நூலகத்தில் அண்ணனோடு சிநேகமானவர். அண்ணனுக்கு உடம்பு சரியில்லை என்று தெரிந்த மறுநாளே மையத்துக்குப் போய், என் சிறுநீரகத்தை எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லியிருக்கிறார். உங்கள் வயதில் முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். எழுபத்தெட்டு வயது, கையில் ஊன்றுகோல். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, ஐம்பத்தாறில் உதவிக்கு வராதவர்கள்மேல் எங்களுக்குக் கோபம் கிடையாது, வருகிறோம் என்கிற மாதிரி அமெரிக்கர்கள் நடத்திய ரேடியோவில் பேசினார்களே, அவர்களைத்தான் என் அம்மா சாகும் வரை மன்னிக்கவில்லை என்றார். அண்ணனோடு கடைசியாக அதைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தாராம். துக்கத்தில் என்னவோ சொல்கிறார் என்று நினைத்துக் கேட்டுக்கொண்டேன்.

இனி நன்றி சொல்ல வேண்டும். முறைக்காகச் சொல்லவில்லை, உண்மையாகவே சொல்கிறேன். டயாலிசிஸ் மையத்தில் அண்ணனின் கையில் ஊசி ஏற்றும் முன் ஒவ்வொரு நாளும் மன்னிப்புக் கேட்ட நர்ஸ் அம்மாளுக்கு நன்றி. சமைத்துக் கொண்டுவந்த நாற்பது குடும்பங்களுக்கும் நன்றி. நீங்கள் உங்களால் ஆனதைச் செய்தீர்கள், உங்களிடம் யாரும் அதற்கு மேல் கேட்கவில்லை. எல்லா வேலையையும் விட்டுவிட்டு ஃப்ரீமாண்ட்டிலிருந்து ஓடி வந்த தம்பிக்கு நன்றி. ஊன்றுகோலோடு கொடுக்கப் போன பெரியவருக்கு நன்றி சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை, அண்ணன் சார்பில் சொல்கிறேன்.

கடைசியாக அண்ணிக்கு. இந்த மலருக்கு எழுதச் சொன்ன பிறகு, போன மாதம் ஒரு சனிக்கிழமை பிளானோவுக்குப் போனேன். அண்ணி சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். போன் செய்தது, சோதனைகள், கடிதம், அறுபத்தெட்டு நாள். எழுந்து என்னை ஒரு அறை அறைந்திருந்தால் தேவலை. அவர் கீரையை ஆய்ந்து முடித்துத் தண்டுகளைக் குப்பையில் போட்டார்.

"டெஸ்ட் குடுத்தது எனக்குத் தெரியும் கண்ணு" என்றார்.

எப்படி அண்ணி என்றேன்.

சிறுநீரகம் கொடுக்கிறவர்கள் ஒரு நாள் முழுக்கச் சிறுநீரைச் சேகரித்துக் கொடுக்க வேண்டும். அதற்கென்று மையத்தில் ஒரு ஆரஞ்சு நிறக் கேன் தருவார்கள், குளிரில் வைக்கச் சொல்வார்கள். நான் அதைச் செய்த ஞாயிற்றுக்கிழமை, அண்ணனும் அண்ணியும் சொல்லாமல் கொள்ளாமல் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். தயிர் எடுக்கிறேன் என்று அண்ணன் ஃப்ரிட்ஜைத் திறந்திருக்கிறார். இட்லி மாவுப் பாத்திரத்துக்குப் பின்னால் நான் ஒளித்து வைத்த கேன், என் பெயரோடும் மையத்தின் பெயரோடும் இருந்திருக்கிறது. டயாலிசிஸுக்கு முன்னால் அவரும் எத்தனையோ தடவை நிரப்பிக் கொடுத்த கேன்தான் அது. பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"கார்ல வரும்போது சொன்னாரு. அம்மிணி டெஸ்ட் குடுத்திருக்கா, அப்படீன்னாரு. சைடுல நிறுத்தச் சொல்லி அழுதாரு. ரெண்டு வருசத்துல அன்னைக்குத்தான் அழுதாரு. நான், போன் போட்டுக் கேட்டுரலாங்களான்னேன். வேண்டாம், அவ சின்ன வயசுலேருந்தே பயந்த புள்ள, அவளே சொல்லட்டும், நாம கேட்டு அவள நெருக்கக் கூடாதுன்னுட்டாரு. அதுக்கப்புறம் போன் அடிச்சா ஓடி வந்து எடுப்பாரு. நீதான்னு தெரிஞ்சா, என்னப் பாத்துக் கையக் காட்டிட்டு, நானும் கேக்கட்டும்னு ஸ்பீக்கர்ல போடுவாரு."

நான் தினமும் கூப்பிட்டேன். அறுபத்தெட்டு நாளில் ஒரு நாள்கூட விடவில்லை. இன்றைக்குச் சாப்பாடு வந்துவிட்டதா அண்ணா என்று கேட்பதற்காகக் கூப்பிட்டேன்.